செவ்வந்தி கூட்டிய சங்கம்

கோடையில் அந்தக் காட்டுக்கு ஒரே ஒரு குளம்தான். அதில் கொம்பு உள்ளவர்கள்தான் முதலில் குடிக்க வேண்டுமாம்! யார் வைத்த வழக்கமோ, ஒருவருக்கும் தெரியாது.

பட்டப்பகலில் ஆண் கடமான்கள் வயிறு முட்டக் குடிக்கும். அதோடு விட்டாலும் பரவாயில்லை, குளத்திலேயே புரண்டு சேறாக்கிவிட்டுத்தான் எழுந்து போகும். பெண்மான்களின் முறை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்த நேரம் பார்த்துச் சிறுத்தையும் புதருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒருநாள் செவ்வந்தி என்ற பெண்மானின் குட்டி மயிரிழையில் தப்பியது. பாதிக் காதைக் காணோம். பெற்ற வயிறு எரியாதா? நேராகத் தலைவன் கொம்பையனிடம் போய் நின்றாள்.

"பொழுது சாய்ஞ்ச பிறகு பெண்களுக்கு வெளியே என்ன வேலை? இனி யாரும் போகக் கூடாது. உங்க பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்" என்றான் கொம்பையன்.

"அப்போ தண்ணிக்கு எங்கே போறது, அண்ணே?"

"பச்சை இலையை மென்னு தின்னுங்க. ஈரம் இருக்கும்."

எப்படி இருக்கிறது பாருங்கள் நியாயம்! செவ்வந்தி காடெல்லாம் அலைந்து பெண்மான்களைத் திரட்டினாள். மரத்து மந்தியும் சேர்ந்துகொண்டது. மறுநாள் பகலிலேயே எல்லோரும் குளக்கரையில் திரண்டார்கள்.

"எல்லாரும் வெளிச்சத்துல ஒண்ணா குடிப்போம். புரள்றவங்க வேற பள்ளத்துல புரளட்டும். குளம் சேறாகி வத்திப்போனா கொம்புக்கும் தண்ணி கிடைக்காது" என்றாள் செவ்வந்தி.

கொம்பையன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஒரு சிறுத்தைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? இன்னிக்கு அந்தியில நான் தனியா குடிச்சுக் காட்டறேன்!"

சொன்னபடியே போனான். தண்ணீர் நடுவில்தான் கிடந்தது. நாலு எட்டு வைத்ததும் கால்கள் சேற்றில் புதைந்தன. தானே கலக்கிய சேறு! இழுத்தான், வரவில்லை. புதர் அசைந்தது.

"சிறுத்தை! சிறுத்தை!" என்று மரத்திலிருந்து மந்தி அலறியது.

மற்ற பெண்மான்களோடு தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த செவ்வந்தி ஒரு கணம் தயங்கினாள். குட்டியின் காது கண்முன் வந்தது. 'இவனுக்காகவா?' என்று தோன்றியது. ஆனாலும் ஓடினாள். பின்னாலேயே பெண்மான்கள் அத்தனையும் கிளம்பின. குளத்தைச் சுற்றி நின்று நிலம் அதிரக் காலை உதைத்துக் கத்தின. ஒளிந்திருந்து பாய்கிற சிறுத்தைக்கு இத்தனை கண்ணும் தன்மேல் இருந்தால் வேட்டை ஏது? வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டது.

முட்டி மோதி ஒருவழியாகக் கரையேறினான் கொம்பையன்.

"உங்களுக்குத் தினமும் இந்தப் பயந்தானா, தங்கச்சி?"

"தினமும்தான், அண்ணே."

மறுநாள் காலை வெயிலில் ஆணும் பெண்ணும் குட்டியுமாக எல்லோரும் ஒன்றாகத் தண்ணீர் குடித்தார்கள். குளத்தில் ஒருவரும் புரளவில்லை.

பயப்படுகிறவரை அடைத்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. எல்லோரும் பயமின்றிச் சமமாக நடமாட வழிசெய்து, இருப்பதை நாளைக்கும் காத்து வைப்பதே பாதுகாப்பு.