கிணற்றடியில் மட்டும் சிக்னல்

"முடியலம்மா," என்றார் பரஞ்சோதி. "ராத்திரி பூரா படுத்துதான் கிடக்கேன். காலையில எந்திரிச்சா படுக்கும்போது இருந்த அசதி அப்படியே இருக்கு. இது ஏன் போகமாட்டேங்குது?"

மலையடிவார வீட்டு வராண்டாவில் குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

தலையை நிமிர்த்தி அவரை நன்றாகப் பார்த்தார். கேட்டுக்கொண்டேன் என்பதுபோல் தலையை ஆட்டினார். மறுபடி குனிந்துகொண்டார்.

பரஞ்சோதி காத்திருந்தார். கீரைத்தண்டு ஒடிகிற சத்தம்தான் வந்தது.

பரஞ்சோதிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மதுரையில் ஒரு பத்திரிகையில் அறிவியல் செய்தி எழுதுகிறவர். குருவுக்கு அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவு. அதனால் குரு அவரை அண்ணே என்பார், அவர் குருவை அம்மா என்பார். புதிதாகக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்.

அவர் முதன்முதலில் இங்கே வந்தது கும்பிட இல்லை, சண்டை போட. மலையடிவாரத்தில் ஒரு அம்மா இருக்கிறார், அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் மஞ்சக்காமாலை போய்விடும் என்று ஊரெல்லாம் பேச்சு. இதைக் கிழிகிழியென்று கிழித்து எழுதிவிடலாம் என்றுதான் பேனாவோடு வந்தார்.

வந்து பார்த்தால் கிணற்றடியில் ஒரு பலகை மாட்டியிருந்தது.

"இது வெறும் தண்ணி. காமாலைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க."

எழுதினது குருவேதான். பரஞ்சோதி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். அன்றிலிருந்து மனசு சரியில்லை என்றால் இங்கேதான் வருவார்.

"என் பொழப்பைச் சொல்றேன், கேளுங்கம்மா," என்று இப்போது மறுபடி ஆரம்பித்தார்.

"காலையில எந்திரிச்சதும் காபியையும் பக்கத்துல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையையும் வச்சு போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போடணும். 'ஒரு அறிவியல் நிருபரின் நாள்'னு அதுக்குப் பேரு. அப்புறம் விஞ்ஞானிக்குப் போன். அவரு எடுக்கமாட்டாரு. அவரு எடுக்கலை, நான் வடை திங்கிறேன்னு அதையும் போடணும். அதுக்கு ஆயிரம் பேரு சிரிப்பாங்க. நான் ராப்பகலா உட்கார்ந்து எழுதின கட்டுரையை எங்க வீட்டுலகூட படிக்கமாட்டாங்க."

குருவின் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. கை நிற்கவில்லை.

"போன வாரம் சென்னையில ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன். தசை மெலிஞ்சு நடக்கமுடியாம போற நோய் இருக்கில்ல, அதுக்கு ஒரு மருந்து. நல்ல பலன். ஆனா எலிக்கு. எலிக்கு மட்டும். பேப்பர்ல அதைத் தெளிவா எழுதியிருக்கேன், நாலாவது பாராவுல. ஃபேஸ்புக்ல போட்டோவுக்கு மேல எழுதறப்ப மட்டும், எலின்னு போட்டா வரி நீளமா அசிங்கமா இருந்துச்சு. எடுத்துட்டேன். 'மெலிந்த கால்கள் மீண்டும் நடந்தன.' அவ்வளவுதான் போட்டேன்."

அவர் செல்போனைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

"இதுவரைக்கும் நான் போட்டதுலயே அதுதாம்மா ஓகோன்னு போச்சு. அதைப் பார்த்துட்டு சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து ஒரு அம்மா. பேச்சித்தாய்னு பேரு. பொண்ணுக்கு அந்த நோய். வாட்ஸப் நம்பரைக் கண்டுபிடிச்சு தினமும் பேசி அனுப்புது. மருந்து எங்க சார் கிடைக்கும்னு. இன்னைக்கு ராத்திரி அந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறுதாம். எந்த இடத்துக்கு வரணும்னு மட்டும் சொல்லுங்க சார்ங்குது. நான் என்னத்தைச் சொல்ல? எழுதுவேன், அழிப்பேன். எழுதுவேன், அழிப்பேன். கை வரமாட்டேங்குது. இதுக்கு நடுவுல எடிட்டரு நாளைக்கு வால் நட்சத்திரம் வேணுங்கிறாரு. நாக்கு தள்ளுது. இந்த அசதி எப்பம்மா போகும்?"

குரு மறுபடி அவரைப் பார்த்தார். தலையை ஆட்டினார். கீரைக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுப்படியில் சமையல் பார்க்கும் ராக்கம்மாளின் குரல் கேட்டது. "உப்பு போதுமா பாருங்க தாயி."

"இன்னும் கொஞ்சம் போடுக்கா," என்றார் குரு.

பரஞ்சோதிக்குச் சுருக்கென்றது. உப்புக்கு உடனே பதில் வருகிறது.

கன்றுக்குட்டி கத்தியது. "இந்தா வந்துட்டேண்டா," என்று குரு அதற்கும் சொன்னார். கொல்லைப்பக்கம் காக்கா கரைந்தது. "இரு, களி இன்னும் வேகல," என்று அதற்கும் ஒரு பதில்.

மதியம் களியும் கீரையும் தட்டில் வந்தன. பரஞ்சோதி பழக்கதோஷத்தில் தட்டைப் போட்டோ எடுத்தார். செல்போனோடு கிணற்றடிக்குப் போனார். அந்த வீட்டில் அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும்.

"மலையடிவாரத்தில் ஒரு நாள். களி, கீரை, நிம்மதி" என்று எழுதிப் போட்டார்.

"என்னன்னு போட்டீக?" என்று எட்டிப் பார்த்தாள் ராக்கம்மாள்.

"நிம்மதின்னு போட்டேன்."

"யாருக்கு? களிக்கா?"

அதற்குள் செல்போன் கிணுகிணுக்க ஆரம்பித்துவிட்டது. கொடுத்துவைத்தவர் சார் நீங்கள் என்று ஒருவர். கீரை என்ன கீரை என்று ஒருவர். ஒவ்வொருவருக்கும் சிவப்பு இதயம் ஒன்று போட்டார். அரைக்கீரை என்று எழுதினார். வணக்கம் சொன்னவருக்கு வணக்கம் சொன்னார்.

நடுவில் பேச்சித்தாயின் குரல்.

"சார், நேத்து அனுப்புனதைக் கேட்டுட்டீங்கன்னு காட்டுது சார். நீல டிக் விழுந்துருச்சு. பஸ்ஸு ஒன்பது மணிக்கு. கோயம்பேட்டுல இறங்கணுமா, அதுக்கு முன்னாடியா சார்?"

பரஞ்சோதி "அம்மா, அது வந்து" என்று எழுதினார்.

அழித்தார்.

களி ஆறிப்போயிருந்தது.

வெயில் தாழ்வதற்கு முன்னால் ஒரு புருசனும் பொண்டாட்டியும் வந்தார்கள். அவள் கையில் பெரிய பிளாஸ்டிக் கேன். அவன் கண் மஞ்சளாக இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றப்போனார்கள்.

குரு எழுந்து ஓடாத குறையாகப் போனார்.

"கழட்டாதீங்க. இங்க மருந்து இல்ல. வெறும் தண்ணி."

அவள் முகம் சுண்டிவிட்டது. "ரெண்டு பஸ் மாறி வந்தோம் தாயி. எல்லாரும் சொன்னாங்களே."

"சொல்லுவாங்க. இல்லம்மா."

"ஒரு வாயாவது..."

"இல்ல."

அவள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். ஈவு இரக்கம் இல்லாதவள் என்றாள். சாமியாம், சாமி என்றாள். குரு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்.

"இப்ப நடந்தா பஸ் இருக்கு. டாக்டரு சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பாரு. கிளம்புங்க."

அவன் மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். இருவரும் வேகமாக நடந்தார்கள். கேன் அவள் காலில் இடித்துக்கொண்டே போனது.

பரஞ்சோதி வராண்டாவில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடிம்மா முகத்துக்கு நேரா சொல்ல முடியுது?"

குரு அவரைப் பார்த்தார். தலையை ஆட்டினார். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மாடு கறக்கப் போனார். சாணி அள்ளிக் கொட்டினார். கன்றோடு பேசினார். ஒவ்வொரு தடவை வராண்டாவைத் தாண்டும்போதும் பரஞ்சோதியைப் பார்த்தார், தலையாட்டினார், போனார்.

பொழுது இறங்கியது. கூரைக்கு மேலே கிளிகள் கத்திக்கொண்டு போயின.

ராக்கம்மாள் விளக்கேற்றிக் கொண்டுவந்து வைத்தாள். "இன்னும் இங்கனயேவா இருக்கீக? தூண் சாஞ்சிரும்னு முட்டுக்கொடுத்த மாதிரி."

அவ்வளவுதான். பரஞ்சோதிக்குப் பொங்கிவிட்டது. குரு கையில் பால் செம்போடு அப்போதுதான் வந்தார்.

"நீங்க செய்றது நல்லா இருக்காம்மா? காலையில இருந்து உட்கார்ந்திருக்கேன். காக்காவுக்குப் பதில் சொல்றீங்க. கன்னுக்குட்டிக்குப் பதில் சொல்றீங்க. எனக்கு மட்டும் கிடையாது. காதுல விழலைன்னா பரவாயில்ல. விழுந்துச்சுதானே? பார்க்குறீங்க, தலையாட்டுறீங்க, போயிடுறீங்க. நான் என்னன்னு நினைக்கிறது? இன்னும் கொஞ்ச நேரத்துல சொல்லுவாங்க, இன்னும் கொஞ்ச நேரத்துல சொல்லுவாங்கன்னு நான் கிறுக்கன் மாதிரி காத்துக்கிடக்கேன். தெரியலைன்னா தெரியலை. இல்லைன்னா இல்லை. ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா அப்பவே எந்திரிச்சு நான் பஸ்ஸைப் பிடிச்சு..."

நின்றுவிட்டார்.

கை தானாகச் சட்டைப்பையில் இருந்த செல்போனுக்குப் போனது.

குரு செம்பைக் கீழே வைத்தார்.

"அவங்களுக்கு எப்பண்ணே பஸ்?"

பரஞ்சோதி ஓடினார். ஐம்பது வயசுக்கு மேல் ஆன மனுசன், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். பலகை மேல் கையை ஊன்றி நின்று போன் போட்டார்.

பேச்சித்தாய் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சார்! ஏய் கனிஷ்கா, சாருடி! சாரே கூப்பிட்டுட்டாரு!"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வராதீங்கம்மா."

"சார்?"

"அந்த மருந்து எலிக்கும்மா. எலிக்குக் கொடுத்துப் பார்த்திருக்காங்க. மனுசங்களுக்கு இல்ல. வர எத்தனையோ வருசம் ஆகலாம். வராமலே போனாலும் போகலாம்."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை அணைத்தார்கள்.

"எலிக்கா?"

"எலிக்குத்தாம்மா."

"அப்பிடிப் போடலையே சார் நீங்க."

"போடல. என் தப்புதான்."

பேச்சித்தாய் மெதுவாகச் சொன்னாள்.

"புது மருந்து கிடைக்கப்போகுதேன்னு காலையில பழைய மாத்திரையைக் கொடுக்கலை சார்."

"நிறுத்தக்கூடாதும்மா. இப்பவே உங்க டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்க. இப்பவே."

"சரி சார்."

"என்னைத் திட்டுங்கம்மா."

"திட்டி என்ன சார்? நான் கேட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா நான் புள்ளைகிட்ட சொல்லியிருக்கமாட்டேன். அது புதுச் சட்டையைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. எனக்கு நாக்கு வராது. நீங்களே சொல்லிடுங்க."

போன் கை மாறியது.

"ஹலோ அங்கிள்."

பரஞ்சோதி சொன்னார். எப்படிச் சொன்னார் என்று பிறகு அவருக்கே நினைவில்லை. எலி என்று மட்டும் விடாமல் சொன்னார்.

கனிஷ்கா கேட்டாள்.

"அப்ப அந்த எலி நடந்துச்சா அங்கிள்?"

"நடந்துச்சு பாப்பா."

"ஓடுச்சா?"

"கொஞ்சம் ஓடுச்சு."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"ம்," என்றாள் அவள். "சரி, அம்மா டாக்டருக்குப் போன் பண்ணணுமாம். வைக்கிறேன்."

பரஞ்சோதி தன் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்தார். மெலிந்த கால்கள் மீண்டும் நடந்தன என்ற வரியைத் தேடிப் பிடித்தார். அதன் தலையிலேயே எழுதினார்.

"இது எலிகளுக்கு மட்டும். மனிதர்களுக்கு மருந்து இல்லை. முன்பே எழுதாதது என் தப்பு. யாரும் சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்தாதீர்கள்."

உடனே கிணுகிணுத்தது. அப்ப இத்தனை நாள் சொன்னது எலிக் கதையா சார் என்று ஒருவர். உங்களைப் போய் நம்பினேனே என்று ஒருவர். லைக்குக்காக என்ன வேண்டுமானாலும் செய்வீர்களா என்று ஒருவர். படித்தார். இதயம் போடவில்லை, வணக்கமும் சொல்லவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கால் இழுக்க இழுக்க வராண்டாவுக்கு வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்தார்.

உள்ளே ராக்கம்மாள் தட்டுகளைக் கழுவி வைத்தாள். குரு கன்றைக் கட்டிவிட்டு, கை கால் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"சொல்றேண்ணே," என்றார். "காலையில என்னமோ கேட்டீங்கள்ல? அசதி ஏன் போகமாட்டேங்குதுன்னு."



ராக்கம்மாள் வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருகிட்ட தாயி பேசறீக?"

பரஞ்சோதி சுவரில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு, நல்ல தூக்கத்தில் இருந்தார்.

குரு விளக்கை அவர் முகத்தில் படாமல் தள்ளி வைத்தார்.