வால் முளைக்காத கெண்டை

ஒரு குளத்தில் கெண்டை ஒன்று இருந்தது. அதன் வாலில் பாதியைக் கொக்கு கொத்திக்கொண்டு போய்விட்டது. மற்ற ஆண்டுகளில் இப்படி நேர்ந்தால், சில வாரங்களில் வால் திரும்ப முளைத்துவிடும். அந்தக் கோடையில் ஒரு மாதமாகியும் நுனிகூடத் துளிர்க்கவில்லை. கொக்கோ தினமும் கரைக்கு வந்து கழுத்தை நீட்டியது. வால் இல்லாமல் எப்படித் தப்புவது?

குளத்தின் தலைவர் வாளை மீன். புங்கமர நிழலில் இருந்த ஆழமான மடு அதற்கு மட்டுமே சொந்தம். கெண்டை அங்கே போய் முறையிட்டது.

"ஐயா, தண்ணீர் கொதிக்கிறது! மூச்சு வாங்குவதிலேயே என் பலமெல்லாம் தீர்ந்துபோகிறது. வால் வளர்க்க மிச்சமில்லை. பத்து நாள் இந்த மடுவில் இருக்க விடுங்கள்!"

"சூடா? எங்கே?" வாளை மீசையை ஆட்டியது. "தவளையாரே, சோதித்துச் சொல்லும்!"

நீரைச் சோதிப்பது தவளையின் வேலை. மடுவில் மட்டுமே சோதிக்கவேண்டும் என்பது வாளை வகுத்த வழக்கம். தவளை மடுவில் ஒரு காலை நனைத்தது.

"ஜில்லென்று இருக்கிறது, தலைவரே! குளத்தில் சூடே இல்லை!"

"கேட்டாயா? உனக்கு வந்திருப்பது சோம்பல். வால் முளைக்க முயற்சி வேண்டும்!"

"ஆமாம், முயற்சி வேண்டும்!" என்றன மற்ற மீன்கள், வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியபடி.

கெண்டை பணிவாகக் கேட்டது: "அந்த முயற்சியை நீங்களே செய்து காட்டலாமே, ஐயா? பத்து நாள் என் இடத்தில் இருங்கள். மடுவை நான் பார்த்துக்கொள்கிறேன். சூடுதான் இல்லையே, என்ன பயம்?"

எல்லா மீன்களும் வாளையைப் பார்த்தன.

"பயமா? எனக்கா? இருபது நாள்கூட இருப்பேன்!"

முதல் நாளே கல்லில் உரசி வாளையின் விலாவில் கீறல் விழுந்தது. "நாளைக்கே ஆறிவிடும்" என்றது. ஆறவில்லை. ஐந்தாம் நாள் புண் பெரிதானது.

பக்கத்து வளை நண்டு எட்டிப் பார்த்தது. "என்ன தலைவரே, முயற்சி செய்யவில்லையா?"

எட்டாம் நாள் வாளைக்கு இரை இறங்கவில்லை. "தவளையாரே! ஓடிவந்து நீரைச் சோதியும்!" என்று அலறியது.

தவளை ஒரே தாவாகத் தாவி மடுவுக்குப் போனது. "ஜில்லென்று இருக்கிறது, தலைவரே!"

"முட்டாளே! நான் இங்கே வெந்துகொண்டிருக்கிறேன்!"

"வழக்கம் மடுவில்தானே, தலைவரே! நீங்கள்தானே சொன்னீர்கள்!"

பத்தாம் நாள் கெண்டை மடுவை விட்டு வெளியே வந்தது. கொக்கு பாய்ந்தது. கெண்டை தண்ணீரை ஒரே அடி அடித்து விலகியது. கொக்கின் அலகில் சேறுதான் மிஞ்சியது. கெண்டைக்குக் குட்டையாக, ஆனால் உறுதியாக, புது வால் முளைத்திருந்தது!

அதைப் பார்த்த வாளை ஈன சுரத்தில் அறிவித்தது: "குளத்தில் சூடு இருக்கிறது! இன்று காலைதான் வந்தது! காயம்பட்டவர்கள் எல்லோரும் மடுவுக்குப் போகலாம்!"

முதல் ஆளாக அதுதான் போனது. கெண்டை வழிவிட்டது.

நிழலில் இருப்பவர் வெயிலை அளந்தால், வெந்துபோகிறவர் படும் பாடு சோம்பலாகத்தான் தெரியும்.