லேபிள் ஒட்டிய மூவர்

மூன்று முட்டாள்களை வேலைக்கு வைத்தால் மூன்று வேளையும் சோறு போட வேண்டும். கோபிச்செட்டிபாளையத்தில் கல்யாணத் தகவல் மையம் நடத்தும் தெய்வசிகாமணிக்கு வாய்த்த மூவருக்கு அந்தச் செலவும் இல்லை. அவர்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே குடியிருந்தார்கள். வருகிற மெயில்களைப் படித்து, லேபிள் ஒட்டி, பதில் அனுப்புவது அவர்கள் வேலை. செயற்கை அறிவு என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். தெய்வசிகாமணி அவர்களுக்குப் பெரியவர், நடுவுலவர், சின்னவர் என்று மரியாதையாகவே பெயர் வைத்தார்.

லேபிள் ஒட்ட ஒரு கருவி, பதில் அனுப்ப ஒரு கருவி. எந்தக் கருவி எதற்கு என்று முதலாளிதான் விளக்கம் எழுதித் தர வேண்டும். எழுதியதை மூவரும் எழுத்து பிசகாமல் செய்வார்கள். வினையே அங்கேதான். ‘மாநிறம், பட்டதாரி, சொந்த வீடு’ என்று வரன் விளம்பரம் எழுதியே பழகிய கை அது. நாலு வார்த்தைக்கு மேல் ஓடாது.

‘மெயிலில் லேபிள் ஒட்டும்’ என்று எழுதிவிட்டு மனுஷன் டீ குடிக்கப் போய்விட்டார். மூவரும் கூடி யோசித்தார்கள்.

“எந்த லேபிள்னு எழுதலீங்களே” என்றார் நடுவுலவர்.

“எழுதலீனா எல்லாத்தையும்னுதானுங்க அர்த்தம்” என்றார் பெரியவர்.

“ஒண்ண உட்டாலும் அதுக்கு மனசு நோகுமுங்க” என்றார் சின்னவர்.

திரும்பி வந்து பார்த்தால், கரண்ட் பில் கட்டச் சொல்லி வந்த மெயிலில் ‘பையன் வீடு’, ‘பொண்ணு வீடு’, ‘மறுமணம்’, ‘செவ்வாய் தோஷம்’ என்று இருந்த பதினாறு லேபிளும் ஒட்டியிருந்தது. தெய்வசிகாமணி தலையில் அடித்துக்கொண்டு, ‘ஒரு மெயிலுக்கு ஒரு லேபிள்தான்’ என்று சேர்த்து எழுதினார். அதற்கப்புறம் ஒரு வாரம் ஒரு வில்லங்கமும் இல்லை.

அந்த வாரம்தான் அவருக்கே ஒரு வரன் கூடி வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு ஜோடி சேர்த்து வைத்தவருக்கு வயது முப்பத்தெட்டு, வீட்டில் தனிச் சமையல். சத்தியமங்கலத்தில் மாட்டு டாக்டராக இருக்கும் பூங்கோதையை ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்ததிலிருந்து பாவம், அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஜாதகம் அனுப்பியிருந்தார். பூங்கோதையின் அப்பா போனில் கறாராகப் பேசினார்.

“புதன்கிழமை எங்க முடிவ மெயில்ல போடறோமுங்க. பன்னெண்டுக்கு ராகு காலம். அதுக்குள்ள உங்க சம்மதம் எழுத்துல வந்துரோணும். இல்லீனா பல்லடத்து மாப்பிள்ளைக்கு வாக்குக் குடுத்துருவோம். போன் பேச்செல்லாம் வேண்டாமுங்க.”

உடனே ‘முக்கியம்’ என்று புதிதாக ஒரு லேபிள் உண்டாக்கி, ‘பூங்கோதை வீட்டு மெயிலுக்கு. வந்ததும் சொல்லவும்’ என்று எழுதினார். புதன்கிழமை பதினொன்றரை வரை பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

“மெயில் வந்துச்சுங்களா?”

“ஒம்பதே காலுக்கே வந்துருச்சுங்க” என்றார் பெரியவர்.

“வந்ததும் சொல்லச் சொன்னேனே.”

“சொன்னோமுங்க. நான் நடுவுலவருகிட்டச் சொன்னேன், அவரு சின்னவருகிட்டச் சொன்னாரு. சின்னவருக்கு ரொம்பச் சந்தோஷமுங்க.”

‘எங்களுக்குச் சம்மதம்’ என்று மெயிலில் இருந்தது. தெய்வசிகாமணிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பதிலைத் தானே தட்டியிருக்கலாம். வேலைக்கு ஆள் இருக்கும்போது தானே தட்டுவது கௌரவக் குறைச்சல் என்று தோன்றிவிட்டது.

“எனக்கும் சம்மதம், ஞாயித்துக்கெழம பத்து மணிக்குப் பொண்ணு பாக்க வர்றேன்னு பூங்கோதை வீட்டுக்கு அனுப்புங்க” என்றார்.

பதில் கருவிக்கு அவர் பொங்கல் வாழ்த்து அனுப்பிய நாளில் எழுதிய விளக்கம் அப்படியே கிடந்தது: ‘பொண்ணு வீடு லேபிள் எல்லாருக்கும் பதில் அனுப்பும்.’

“ஒரு வீட்டுக்கு மட்டும் அனுப்பக் கருவி இல்லீங்களே” என்றார் நடுவுலவர்.

“எல்லாருக்கும் அனுப்பினா அதுல அவங்களும் வந்துருவாங்கல்லங்க” என்றார் பெரியவர். அந்த அறிவை மற்ற இருவரும் மெச்சினார்கள்.

பதினொன்று ஐம்பதுக்குப் போன் அடிக்க ஆரம்பித்தது. அந்தியூரிலிருந்து ஓர் அம்மா, “மாப்பிள்ளைக்கு வாழைக்காய் பஜ்ஜிங்களா, வெங்காய பஜ்ஜிங்களா?” என்று கேட்டார். பவானிக்காரர் ஒருவர், “என்ற ரெண்டு புள்ளைல எதுக்குங்க சம்மதம்?” என்றார்.

தெய்வசிகாமணி போனை வைத்துவிட்டு மூவரிடம் திரும்பினார். “எத்தன வீட்டுக்கு அனுப்புனீங்க?”

“இருநூத்திப் பன்னெண்டுங்க.”

“பூங்கோதை வீட்டுக்குப் போச்சா?”

மூவரும் விளக்கத்தை இன்னொரு தடவை படித்தார்கள். “அவங்களுக்கு மட்டும் போகலீங்க” என்றார் பெரியவர். “அவங்க மெயில்ல ‘முக்கியம்’ ஒட்டியாச்சுங்களே. ஒரு மெயிலுக்கு ஒரு லேபிள்தானுங்க.”

மணி பதினொன்று ஐம்பத்தாறு. தெய்வசிகாமணி அவசர அவசரமாக, ‘பூங்கோதை வீட்டை விட்டுவிட்டு எந்தப் பதிலும் அனுப்பக் கூடாது’ என்று விளக்கத்தில் சேர்த்தார். “அந்த இருநூத்திப் பன்னெண்டு வீட்டுக்கும், சம்மதம் இல்லை, மன்னிச்சுக்குங்கன்னு ஒடனே அனுப்புங்க. பூங்கோதை வீட்டுக்கு நானே எழுதறேன்” என்று சொல்லிவிட்டு, இரண்டு விரலால் தட்ட உட்கார்ந்தார்.

‘எனக்கும் முழு’ வரைக்கும் வந்திருந்தார்.

“அனுப்பியாச்சுங்க” என்றார் பெரியவர். “சம்மதம் இல்லைன்னு இருநூத்திப் பதிமூணு வீட்டுக்குங்க. விளக்கத்துல எழுதுனபடியே இந்தத் தடவ பூங்கோதை வீட்ட உடலீங்க, மொத மெயிலே அவங்களுக்குத்தான்.”

“அவங்க பதிலும் போட்டுட்டாங்க” என்றார் சின்னவர் பூரிப்போடு. “ராகு காலத்துக்கு முன்னாடியே சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்களாம், பல்லடத்துக்கு வாக்குக் குடுத்துட்டாங்களாம். இதுக்கு எந்த லேபிளுங்க ஒட்டறது?”