மயில்சாமியின் கறுத்த டாலர்

"என் டாலரை எப்படித் துலக்கறதுங்க டீச்சர்?" என்று கேட்டார் மயில்சாமி.

கோயம்புத்தூரில் பழைய நாணயங்களின் தரம் பார்க்கக் கற்றுத் தருபவர் பிலோமினா. மயில்சாமியைவிட வயதில் சின்னவர்தான். ஆனால் நாணயம் என்று வந்துவிட்டால் அவர்தான் மயில்சாமிக்குக் குரு.

டாலர் என்றால் அந்தக் காலத்து அமெரிக்க வெள்ளி டாலர். ஒரு பக்கம் பெண் முகம், மறுபக்கம் கழுகு. மயில்சாமியிடம் இருப்பது ஒன்றே ஒன்று. நூறு வருஷத்துக்கு மேல் காற்றுப் பட்டுக் கறுத்துப் போயிருந்தது.

குழந்தைவேலு அதே வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஆள். அவரும் அதே வருஷத்து டாலர் ஒன்று வாங்கிவிட்டார். அது பளிச்சென்று இருந்தது. அன்றிலிருந்து மயில்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஆசையாகப் பார்ப்பதுபோல அதை அவர் கையிலிருந்து வாங்கி வாங்கி லென்ஸ் வைத்துப் பார்ப்பார். வயிறு எரிய எரியப் பார்ப்பார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாணயக் கண்காட்சி. இரண்டு டாலரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கப் போகின்றன.

வீட்டில் வெள்ளி விளக்கை விபூதி போட்டுத்தானே தேய்க்கிறோம், டாலரையும் தேய்த்தால் என்ன என்று கேட்டு, விபூதிப் பொட்டலத்தையே எடுத்து மேசைமேல் வைத்தார் மயில்சாமி. துலக்கிய நாணயத்துக்கு மதிப்பு போய்விடும் என்பது முதல் வகுப்பிலேயே அவர் படித்த பாடம். பொறாமையில் அதுவும் மறந்துபோயிருந்தது.

பிலோமினா திட்டவில்லை. குழந்தைவேலுவின் டாலர் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

மயில்சாமி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்.

"கன்னத்துல ரெண்டு கீறலுங்க. காதுக்கு மேல முடி லேசாத் தேஞ்சிருக்குது. கழுகு நெஞ்சுல எறகு ஒண்ணு மழுங்கிப் போச்சு. ஓரத்துல, நட்சத்திரத்துக்குக் கீழ, ஊசிமுனை அளவுக்கு ஒரு நசுங்கல்."

"ஒண்ணுகூட விடலீங்க நீங்க. சரி, உங்க டாலர்?"

"கறுப்பா இருக்குதுங்க."

"காதுக்கு மேல முடி?"

மயில்சாமி யோசித்தார்.

"கழுகு நெஞ்சு?"

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. டாலரை எடுக்காமல் சொல்லச் சொன்னார் பிலோமினா.

மயில்சாமிக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிலோமினா விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"தாராளமாத் தேய்ங்க. எது போச்சுன்னு உங்களுக்குத் தெரியவா போகுது?"