டர்போ வண்டியின் தாகம்

மெஹருன்னிசாவிடம் வண்டி ஓட்டப் பழக வந்தவர்கள் எல்லாரும் அவளைவிட இளையவர்கள், பந்தயத்துக்குப் போக ஆசைப்பட்டவர்கள். மகள் வயதுக்காரியிடம் பாடம் கேட்க வந்தவள் தெய்வானை ஒருத்திதான்.

கோவைக்கு வெளியே, பல்லடம் சாலையில், தகரக் கூரை போட்ட பட்டறை. மெஹருன்னிசா அங்கே பந்தய வண்டிகளைச் சீர்செய்வாள், ஓட்டவும் கற்றுக்கொடுப்பாள். எல்லாரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். தெய்வானையும் அப்படியே கூப்பிட்டாள்.

தெய்வானை கொண்டுவந்த வண்டி சிவப்பு நிறம். இரண்டே இருக்கை. தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும். போன வருஷம் இறந்துபோன அவள் கணவர் ஆசைப்பட்டு வாங்கியது. கம்பெனி கொடுத்த வேகம் போதவில்லை என்று வெளியில் ஆள் வைத்து இரண்டு டர்போ மாட்டினார். அதற்குப் பிறகு அந்த வண்டி பெட்ரோல் பங்க்கைக் கண்டால் தானாகவே திரும்பும் என்று வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். அவர் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பறப்பார். "பயமா இருக்கா?" என்று கேட்பார். அவள் ஆமாம் என்பாள். பயமெல்லாம் ஒன்றுமில்லை; அவருக்கு அப்படிச் சொன்னால் பிடிக்கும்.

காரியமெல்லாம் முடிந்ததும் வண்டியை விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தது. வாங்க வருகிறவனுக்கு ஓடுகிற வண்டி என்று காட்ட வேண்டுமே, அதற்காகத் தெய்வானை சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமியது. அந்த உறுமல் இருக்கை வழியாக அவள் முதுகில் ஏறியது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு வீட்டுக்குள் போய், விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

கொழுந்தன் மருதாசலத்துக்கு அது பிடிக்கவில்லை. அண்ணனுக்குப் பிறகு மில்லைப் பார்த்துக்கொள்பவர் அவர். வண்டியும் மில்லின் பேரில்தான் இருந்தது.

"அண்ணி, அது வண்டி இல்லீங்க, பிசாசு. எவ்வளவு ஊத்துனாலும் குடிக்கும். நம்ம வீட்டுக்கு ஆகாது."

"உங்க அண்ணன் ஓட்டுனப்ப ஆச்சுங்களே தம்பி."

"அண்ணன் ஆம்பளைங்க. இந்த வயசுல நீங்க அதுல போனா ஊரு என்ன பேசும்?"

"பெட்ரோலப் பத்திப் பேசறீங்களா, ஊரப் பத்திப் பேசறீங்களா?"

மருதாசலத்துக்குக் கோபம் வந்தது. கோபத்தில் ஒரு வார்த்தை விட்டார். ஆடியில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கத் தாராபுரம் பக்கத்துத் தோட்டத்துக்குக் குடும்பமே போகும். அங்கே போக அவருடைய சின்ன காருக்கு எவ்வளவு பெட்ரோல் ஆகுமோ, அதற்கு ஒன்றரைப் பங்கு தருகிறேன் என்றார். "அதுல அந்தப் பிசாச நீங்களே ஓட்டித் தோட்டம் சேத்துட்டீங்கன்னா வண்டிய உங்க பேருக்கு மாத்தித் தர்றேன். நடு வழியில நின்னா, நின்ன இடத்துலயே வித்துடலாம். நானே பக்கத்துல உக்காந்து வர்றேன்."

சித்தப்பா பெரியப்பா எல்லாரும் இருந்த கூடத்தில் சொன்னது அது. அவரே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

அதனால்தான் தெய்வானை பட்டறைக்கு வந்தாள். வந்ததும் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

"மாஸ்டர், இந்த வண்டி கம்மியாக் குடிக்க என்ன பண்ணோணுங்க? டர்போவைக் கழட்டிடலாங்களா?"

மாஸ்டர் கதவைத் திறந்தாள். இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, "எடுங்க, போலாம்," என்றாள்.

பட்டறையைத் தாண்டியதும், "நல்லா மிதிங்க," என்றாள்.

தெய்வானை மிதித்தாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு விசில் கிளம்பி ஏறியது. வண்டி அவளை இருக்கையோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு பாய்ந்தது.

"கால எடுங்க."

எடுத்தாள். பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். விசில் அடங்கியது.

"கேட்டுச்சுங்களா?"

"குக்கர் மாதிரிக் கேட்டுச்சுங்க."

"அதான் டர்போ. வெளிய போற புகைய வெச்சே சக்கரத்தச் சுத்தி, எஞ்சினுக்குள்ள காத்த அமுக்கும். காத்து நெறயப் போனா பெட்ரோலும் நெறயப் போகோணும். குக்கர் விசில் அடிச்சா சோறு வேகுது. இது விசில் அடிச்சா பெட்ரோல் வேகுது."

"அப்ப விசில் வரலைன்னா?"

"தூங்குது. தூங்கறவன் எத்தனை சோறு திம்பான்?"

அன்றிலிருந்து பாடம் அதுதான். விசில் வராமல் ஓட்ட வேண்டும். செருப்பைக் கழற்றச் சொன்னாள் மாஸ்டர். வெறுங்காலால் ஆக்சிலேட்டரைத் தொடச் சொன்னாள். சீக்கிரமே பெரிய கியருக்குப் போகச் சொன்னாள். தூரத்தில் சிக்னல் சிவப்பாக இருந்தால் இங்கேயே காலை எடுக்கச் சொன்னாள்.

"அவ்வளவு தூரத்துலயேவா?"

"கிட்டப் போயி பிரேக் அடிச்சா, இப்ப எரிச்ச பெட்ரோல அங்க பிரேக்குல தேய்க்கறீங்க."

எளிதாக இல்லை. அந்த வண்டி பாயவே பிறந்தது. பேருந்து முந்தும்போது தெய்வானையின் கால் தானாக அமுங்கும். விசில் கிளம்பும். மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்தத் திரும்பல் திட்டுவதைவிட மோசம்.

ஒருநாள் ஒரு மொபெட்காரர், பின்னால் வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு, அந்தச் சிவப்பு வண்டியை முந்திக்கொண்டு போனார். போகிறபோது திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

"மாஸ்டர், மானம் போகுதுங்க."

"யாருக்குங்க?"

தெய்வானை யோசித்தாள். காலை அசைக்கவில்லை. விசிலும் வரவில்லை. அன்றைக்கு மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று திறந்துவிட்ட மாதிரி வீசியது. டாங்கியைக் காலி செய்து, மருதாசலம் தன் கையாலேயே கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றினார். அளவில் ஏமாற்றவில்லை. அந்த விஷயத்தில் அவர் நேர்மையான மனிதர்.

பொங்கலுக்குத் தெய்வானை அழைத்திருந்த மாஸ்டர் மோட்டார் சைக்கிளில் முன்னால் கிளம்பிவிட்டாள். போகுமுன் தெய்வானை அருகில் வந்து கேட்டாள், "அவரு என்னென்னமோ பேசுவாரு. என்ன பண்ணுவீங்க?"

"காதுல வாங்க மாட்டேன்."

"வாங்கிக்கங்க. காலுக்குக் கொண்டு போகாதீங்க."

வண்டி கிளம்பியது. காற்று பின்னாலிருந்து தள்ளியது. தெய்வானை வெறுங்காலின் பெருவிரலால் ஓட்டினாள் என்றே சொல்ல வேண்டும். மருதாசலம் ஆரம்பித்தார்.

"என்னங்க அண்ணி, மாட்டு வண்டி மாதிரிப் போறீங்க. பொங்கல் பொங்கி வழிஞ்சிரும்."

"வழியட்டுங்க தம்பி."

பல்லடம் தாண்டியதும் பின்னால் ஒரு லாரி விடாமல் ஹார்ன் அடித்தது. தெய்வானை ஓரம் ஒதுங்கி வழிவிட்டாள்.

"இந்த லாரிக்குப் பின்னாடி புழுதி தின்னுட்டுப் போகவா அண்ணன் டர்போ மாட்டுனாரு? ஒரே ஒரு மிதி மிதிங்க. யாரு கணக்குப் பாக்கப் போறா?"

"நீங்கதான் பாக்கறீங்க."

"அண்ணன் இருந்தா இந்நேரம் காட்டியிருப்பாரு."

அந்த வார்த்தை சுட்டது. தெய்வானையின் தொடை இறுகியது. கால் விரல் அமுங்கத் துடித்தது. எஞ்சினுக்குள் எங்கோ மெல்ல, கொசு ரீங்கரிப்பது போல, சத்தம் எழும்பப் பார்த்தது. மூச்சை விட்டாள். காலைத் தளர்த்தினாள். சத்தம் எழும்பாமலே அடங்கியது.

"அவரு காட்டுவாருங்க தம்பி. இன்னைக்கு ஓட்டறது நானு."

அதற்குப் பிறகு மருதாசலம் பெட்ரோல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

காற்றாலைகள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே தோட்டம். கோயில் வாசலில் குடும்பமே நின்றது. தெய்வானை வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். முள் அடியைத் தொடவில்லை. இன்னும் கணிசமாக மிச்சம் இருந்தது.

மருதாசலம் இறங்கி நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "தோத்துட்டேனுங்க. வண்டி அண்ணியோடது." பூசாரியிடம் முன்கூட்டியே தட்டில் கொடுத்து வைத்திருந்த, பேர் மாற்றக் கையெழுத்துப் போட்ட காகிதங்களை வாங்கி, சாமி முன்னாலேயே தெய்வானை கையில் கொடுத்தார்.

பொங்கல் இலையில் விழுந்தது. எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்கள். மருதாசலம்தான் அதிகமாகப் புகழ்ந்தார்.

"சிக்கனம்னா எங்க அண்ணிதாங்க. இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து எல்லாருக்கும் போட்டுட்டுச் சட்டியில ஒட்டியிருக்கறதத்தான் திம்பாங்க. வாயத் தொறந்து ஒண்ணு கேட்டதில்ல. இப்ப பாருங்க, பிசாசுக்கே அந்தப் பழக்கத்தச் சொல்லிக் குடுத்துட்டாங்க. இனிமே இப்படியேதான் ஓட்டோணும் அண்ணி. சத்தம் காட்டாம, வெளிய தெரியாம."

பெரியப்பா தலையாட்டினார். பெண்கள் சிரித்தார்கள். அன்பாகத்தான் சொன்னார், அன்பாகத்தான் சிரித்தார்கள்.

தெய்வானை சோற்றைப் பாதியில் விட்டு இலையை மூடினாள். கை கழுவிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தாள். மாஸ்டர் அங்கே சாப்பிட்டு முடித்து, வண்டியின் பானட் மேல் கை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்டீங்க."

"ஆமாங்க."

"மூஞ்சி அப்படி இல்லீங்களே."

தெய்வானை கேட்டாள், "மாஸ்டர், டாங்கியில மிச்சம் இருக்கறத என்ன பண்றதுங்க?"

மாஸ்டர் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டி, இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.

தோட்டத்துக்குப் பின்னால் ஒரு பாதை உண்டு. காற்றாலை றெக்கைகளை நீளமான லாரியில் ஏற்றிவர, குடும்பத்து நிலத்துக்குள்ளேயே போட்டது. அகலமாக, கோடு கிழித்த மாதிரி நேராக, ஆளரவமே இல்லாமல் கிடக்கும். தெய்வானை முதலில் அந்தப் பாதையில் மெதுவாகக் கடைசிவரை போய், ஆடு மாடு எதுவும் இல்லையென்று பார்த்துவிட்டுத் திரும்பி நிறுத்தினாள். இப்போது காற்று எதிரே வீசியது. மணல் கண்ணாடியில் வந்து அறைந்தது.

"எதிர்காத்துங்க மாஸ்டர். நெறயக் குடிக்கும்."

"குடிக்கும்."

தெய்வானை பாதத்தை முழுசாக வைத்து மிதித்தாள்.

விசில் எழுந்தது. எழுந்து, ஏறி, அலறியது. காற்றாலைகள் இருபக்கமும் பின்னால் ஓடின. இருக்கை முதுகைத் தள்ளியது. ஸ்டியரிங் உயிருள்ள பிராணி போலக் கைக்குள் துடித்தது. கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி ஒரு முறை மூச்சு விட்டு மறுபடி பாய்ந்தது. பாதை முடியும் இடத்தில் திருப்பினாள். மறுபடி மிதித்தாள். மறுபடி திருப்பினாள். வாயைத் திறந்து அவள் ஏதோ கத்தினாள். என்னவென்று அவளுக்கே கேட்கவில்லை.

முள் அடியைத் தொட்டதும் மாஸ்டர் ஒரு விரலை உயர்த்தினாள். தெய்வானை காலை எடுத்தாள். வண்டி தானாக ஓய்ந்து, வரப்போரம் வந்து நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மருதாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். ஜன்னலில் குனிந்து முள்ளைப் பார்த்தார்.

"அத்தனையுமா அண்ணி?"

"அத்தனையும்."

"இப்படின்னு தெரிஞ்சிருந்தா வண்டியக் குடுத்திருக்க மாட்டேன்."

"தெரியுங்க தம்பி. அதான் வாங்கிட்டு ஓட்டுனேன்."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தை அவர் இதுவரை பார்த்ததில்லை. கேனை எடுத்துவர ஆள் அனுப்புகிறேன் என்று முனகிவிட்டுத் திரும்பி நடந்தார்.

சூடான எஞ்சின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர்."

"சொல்லுங்க."

"காலையில ஒரு சொட்டு வீணாக்காம வந்தேன். இப்ப சொட்டு மிச்சம் வைக்காம எரிச்சுட்டேன். ரெண்டுல எதுங்க சரி?"

"காலையில மிதிங்க மிதிங்கன்னாங்க. மிதிக்காம வந்தது யாருங்க?"

"நான்தானுங்க."

"இனிமே மிதிக்காதீங்கன்னாங்க. இப்ப மிதிச்சது?"

"நான்தான்."

"அப்புறம் என்னங்கம்மா?"