பத்தாயிரத்து ஏழு பனங்கொட்டை

தொப்பலாங்குளத்து ஜனங்கள் எதையும் சொன்னது சொன்னபடி செய்வார்கள். அவர்களிடம் இருந்த ஒரே தொந்தரவு அதுதான்.

கண்மாய்க் கரை பலப்பட அதிகாரி ஒருவர் பனங்கொட்டைகளை வண்டியில் கொண்டுவந்து கரைமேல் கொட்டினார். "மொத்தம் பத்தாயிரத்து ஏழு. ரெண்டு வரிசைக்குக் குறையாம நடுங்க. எல்லா வரிசையும் சமமா இருக்கணும், ஒரு கொட்டைகூட மிஞ்சக் கூடாது. மழைக்கு முன்னால முடிங்க, இல்லேன்னா கரை போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கரைக்குப் பொறுப்பு ஒச்சப்பன். இரண்டு வரிசை போட்டார், ஒன்று மிஞ்சியது. மூன்று போட்டார், இரண்டு மிஞ்சியது. ஏழு வரிசைக்கு நான்கு, பதினொன்றுக்கு எட்டு. ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி குவித்ததில் அவருக்கு இடுப்பு விட்டுப்போனது.

"ஒன்னைத் தூக்கிப் போட்டுட்டா?" என்று கேட்டாள் அவர் மனைவி சிட்டம்மா.

"மிஞ்சக் கூடாதுன்னுதான் சொன்னாரு. தூக்கிப் போடச் சொன்னாரா?"

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஒச்சப்பன் பக்கத்து ஊர் மரகதம் டீச்சரிடம் ஓடினார். டீச்சர் நோட்டில் வெகுநேரம் கணக்குப் போட்டார். "அண்ணே, நூறு வரைக்கும் வகுத்துப் பாத்துட்டேன். இது பகா எண். ஒன்னால வகுபடும், தன்னால வகுபடும். வேற எதாலயும் வகுபடாது."

ஒச்சப்பன் மார்பை நிமிர்த்திக்கொண்டு ஊருக்கு வந்தார். "என்னாலதான் வகுபடுமாம்! டீச்சர் மரியாதையில்லாம 'ஒன்னால'ன்னுட்டாங்க, படிச்சவங்கதானே, போகட்டும்."

குவியலுக்கு முன்னால் நின்று, "வகுபடு!" என்று அதட்டினார். கெஞ்சினார். கற்பூரம்கூடக் காட்டினார். ஒரு கொட்டையும் அசையவில்லை. உள்ளுக்குள் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"விடுங்க மாமா, அதான் தன்னாலயும் வகுபடும்னாங்களே" என்றான் மச்சினன் வீரணன்.

எல்லோரும் குவியலைச் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் பேய்மழை கொட்டியது. குவியல் சரிந்து கொட்டைகள் கரை நெடுக உருண்டன.

"தன்னால வகுபடுது!" என்று குதித்தார் ஒச்சப்பன்.

மழை விட்டதும் பொறுக்கி எண்ணினார்கள். பத்தாயிரத்து ஆறுதான் இருந்தது. ஒன்று தண்ணீரோடு போய்விட்டது. இரண்டு வரிசை போட்டார்கள். வரிசைக்கு ஐயாயிரத்து மூன்று, கச்சிதம். ஒச்சப்பன் முகம் மட்டும் தெளியவில்லை.

"தொலைஞ்சது எந்த வரிசை?"

அரை நாள் விவாதம் நடந்தது. கடைசியில் இரண்டு வரிசைக்கும் நடுவே அதற்கென்று ஒரு குழி வெட்டி, தினமும் தண்ணீர் ஊற்றினார்கள்.

நாலு மாதத்தில் இரண்டு வரிசையும் முளைத்தது. குழியில் ஒன்றுமில்லை. அன்றைக்கு வீரணன் ஓடிவந்தான். "மாமா, தொலைஞ்ச கொட்டை மடைக்குக் கீழ முளைச்சிருக்கு!"

"அடப்பாவமே, குழியில்லாமலா நிக்குது? இந்தக் குழியத் தோண்டி எடுத்து அங்க கொண்டுபோய் வச்சிடுவோம்."

ஐந்து பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். சாயங்காலம் இடுப்பளவுப் பள்ளத்திலிருந்து ஒச்சப்பன் தலையை நீட்டினார்.

"சிட்டம்மா, குழி பெருத்துப்போச்சு. தலைச்சுமையா தூக்க முடியாது, வண்டியக் கட்டச் சொல்லு!"