சின்ன நிழலும் பெரிய தொந்தியும்

கருவேலங்குறிச்சியை ஆண்ட சிங்கம நாயக்கருக்கு அரண்மனை பெரிசு, பொறுமை சிறிசு. பொறுமை எனக்கும் கிடையாது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வெள்ளைக்கார வியாபாரி ராஜாவுக்குக் கறுப்புக் குடை ஒன்று கொடுத்தான். பெயர் அம்பரெல்லா. பழைய மொழியில் அதற்குச் 'சின்ன நிழல்' என்று அர்த்தமாம். வெயிலுக்காக வைத்த பெயர். ஆனால் அவன் ஊரில் வெயிலே அபூர்வம், மழைக்குத்தான் பிடிக்கிறார்களாம். சபையே சிரித்தது.

பிரதானி திருவேங்கடம் மட்டும் சிரிக்கவில்லை. வேடிக்கை பேசியே அரண்மனைச் சோறு தின்ற அழகிரியைத் துரத்த அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. குடை இல்லாமல் வெறும் நிழலை அழகிரி கொண்டுவரட்டும், முடியாவிட்டால் ஊரைவிட்டே போகட்டும் என்று ராஜா காதில் ஓதினார். ராஜாவுக்கும் அது பிடித்துப்போயிற்று.

"நாளைச் சாயங்காலம், திறந்த முற்றத்தில். துணி கூடாது, ஓலை கூடாது. என் தலைக்கு நிழல் வேண்டும்."

நானாக இருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பேன். அழகிரி நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினான்.

மறுநாள் மேற்கு வெயில் ராஜா முகத்தில் அடித்தது. சபையார் எல்லாரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். யார் நிழலும் ராஜாமேல் விழக்கூடாது, விழுந்தால் சிறை. அந்த அரண்மனை வழக்கம் அப்படி. அழகிரி வெறுங்கையோடு வந்தான். நேரே ராஜாவுக்கு முன்னால் போய் நின்றான். அவன் தொந்தி நிழல் ராஜாவை முழுசாக மூடியது.

காவலர்கள் பாய்ந்து பிடித்தார்கள். பிரதானிக்கு வாயெல்லாம் பல்.

"துணியில்லை, ஓலையில்லை மகாராஜா. கேட்டது தலைமேல் இருக்கிறது. குற்றம் என்றால் கொண்டுபோகச் சொல்லுங்கள்."

இரண்டடி இழுத்திருப்பார்கள். வெயில் பளீரென்று ராஜா கண்ணில் அறைந்தது.

"அவனை அங்கேயே விடுங்கடா."

பிரதானி வழக்கத்தை நினைவுபடுத்தினார். அப்படியானால் அவன் இடத்தில் நீர் வந்து நில்லும் என்றார் ராஜா. பிரதானி குச்சி மாதிரி ஆள். அவர் நிழலும் குச்சிதான். பழையபடி பின்னால் போய்விட்டார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் குடையையே அழகிரிக்குப் பரிசாகக் கொடுத்தார். அழகிரி விரித்துப் பிடித்தான். தலை நிழலில், தொந்தி வெயிலில். குனிந்து ஒருதரம் பார்த்துக்கொண்டான்.

"குறை சொல்ல முடியாது மகாராஜா. சின்ன நிழல் என்று பெயரிலேயே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். என் தொந்தியைப் பற்றித்தான் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை."